இரண்டாவது தடவை ஓடிய ஓட்டம்

ஓடினால் புண்ணியம் உண்டு என்பது எனக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. அதுவரை நான் பார்த்த ஓட்டமெல்லாம் வேறு மாதிரி. தெல்தோட்டைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணியின் வாயில் வருவதையெல்லாம் கேட்க வேண்டும். அந்தப் பயத்தில் என் அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக மலையேறி ஓடியிருக்கிறாள். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது நாங்கள் எல்லாருமே தேயிலைக்குள் ஓடினோம். தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். நான் ஒரு அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏன் சட்டியைத் தூக்கினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தூக்கியிருக்க வேண்டியது தகரப்பெட்டியை. அதற்குள்தான் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. அந்த ஓட்டங்களுக்கு யாரும் டீ சேர்ட் தரவில்லை, ஓடி முடித்த இடத்தில் எலுமிச்சம்பழத் தண்ணீரும் ஊற்றவில்லை.

சண்டை நடந்த வருடங்களின் பின்பாதியில், கண்டி நகரத்துப் பெரிய மனிதர்கள் நடத்திய ஒரு சங்கம் வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவரும் தர்ம ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தது. போட்டி கிடையாது. ஓடலாம், நடக்கலாம், வீட்டு நாயைக் கூட்டி வரலாம், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வரலாம். சேருகிற காசில் சண்டையில் கால் போனவர்களுக்கு, உட்கார்ந்தபடி உருட்டிப் போகச் சில்லுக் கதிரை வாங்கிக் கொடுப்பார்கள். கால் போனவர்களுக்காகக் கால் உள்ளவர்கள் ஓடுவது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கதிரைகள் உண்மையாகவே வந்து சேர்ந்தன. அவற்றையும் நான்தான் படம் எடுத்தேன். என் கசப்பு அந்தக் கதிரைகள் மேல் இல்லை.

அப்போது நான் கண்டி நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். நல்ல மனிதர். ஆனால் பிலிம் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது, அதை மீறினால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரு ரோலைப் பாதியில் எடுத்துக் கழுவக் கூடாது. முப்பத்தாறு படக் கட்டமும் முடிய வேண்டும். கலியாண வீட்டில் இரண்டாவது ரோலில் எட்டுக் கட்டம் மிஞ்சினால், மறுநாள் கடைக்கு வருகிற நாலு பாஸ்போர்ட் முகங்களும் அதிலேயே ஏற வேண்டும். எங்கள் கடையில் இருந்த நெகட்டிவ்களைப் பார்த்தால், மாலை மாற்றுகிற மணமக்களுக்குப் பக்கத்தில் சவுதிக்குப் போகிற ஒருவர் விறைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏழெட்டு வருடத்தில் வேடிக்கை போய் அதுவே என் கைக்கும் பழக்கமாகிவிட்டது.

என்னிடம் அடையாள அட்டை இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே ஒரு வாத்தியார் அரசாங்கக் கந்தோர்களில் அலைந்து எடுத்துக் கொடுத்தார். தம்பிக்கு இருபத்தொரு வயதாகியும் அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோனவனுக்கு அட்டை எப்படி வரும்? பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். எரித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அலைந்து திரிந்து அந்த வருடம்தான் சான்றிதழின் பிரதி ஒன்றை எடுத்திருந்தேன். சரியாக அதே நேரம் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. அடுத்த மாதம் முதலாந் திகதி போய்ச் சேர வேண்டும். அந்த நாளில் அட்டை இல்லாத தமிழன் கொழும்புக்குப் போவதும் பொலிஸ் ஜீப்பில் தானாகவே ஏறி உட்காருவதும் ஒன்றுதான்.

வழி ஒன்று திறந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை நடமாடும் சேவை என்று அறிவித்தார்கள். கிராம சேவகர், பதிவாளர், அட்டைக் கந்தோர் ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். சான்றிதழும் படமும் கொண்டுபோனால் அன்றைக்கே படம் ஒட்டி முத்திரை குத்திய துண்டு ஒன்று தருவார்கள். அட்டை பிறகு தபாலில் வரும். அதுவரை அந்தத் துண்டைக் காட்டலாம். தம்பிக்கு வேண்டியது அவ்வளவுதான், முகம் ஒட்டிய ஒரு துண்டுக் கடுதாசி.

சனிக்கிழமை பகல் நான் தோட்டத்துக்குப் போய் பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. சனிக்கிழமை பின்னேரம் காலியாக இருக்கும். தம்பியோடு அட்டை இல்லாதவர்கள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள், நாலு ஆண், ஒரு பெண். ஆண்கள் ஐந்து பேருக்கும் கொலர் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றுதான். என் சட்டைதான் அது. ஒருவர் படம் எடுத்துக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் மாட்டிக்கொள்வார். அந்த ஐந்து அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே சட்டையில் ஐந்து தலை முளைத்தது போலிருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் இதுதான் வழக்கம், யாரும் வெட்கப்படுவதில்லை.

தம்பி கடைசி ஆள். அவன் கைக்கு வரும்போது சட்டை நாலு பேருடைய வியர்வையில் நனைந்திருந்தது.

"ரெண்டு காதும் தெரியணும். நேரா பாரு. சிரிக்காத," என்றேன்.

"சிரிச்சா அட்டை தரமாட்டாங்களாண்ணே?"

"நீ சிரிச்சா குரங்குன்னு நெனச்சிக்குவாங்க."

அவன் உடனே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தாடையைத் தூக்கி, சினிமாக்காரன் மாதிரி நின்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அமுக்கிவிட்டேன். ஒரு கட்டம் வீண். பிறகு நேராக இரண்டு எடுத்தேன். ஆளுக்கு இரண்டு, அவனுடைய கூத்துக்கு ஒன்று, ஆகப் பதின்மூன்று. ரோலில் இன்னும் இருபத்துமூன்று இருந்தது.

மறுநாள் ஞாயிறு, தர்ம ஓட்டம். அதற்கென்று முதலாளி கொடுத்த புது ரோல் என் சட்டைப் பையில் இருந்தது. காலையில் வாவிக் கரையில் நின்று கமெராவைக் கையில் எடுத்தபோது, பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதைப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். எப்படியும் ஓட்டத்தில் அரை மணி நேரத்தில் இருபத்துமூன்றும் முடிந்துவிடும், பகலே கழுவிவிடலாம், திங்கள் படம் கையில், செவ்வாய் துண்டு கையில் என்று கணக்குப் போட்டேன். பதின்மூன்று கட்டத்தோடு ரோலைக் கழற்ற என் கை ஒப்பவில்லை. அன்றைக்குச் சட்டி, இன்றைக்கு ரோல். தூக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைத் தூக்குவது எனக்குப் பிறவிக் குணம் போலிருக்கிறது.

சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம், குண்டசாலையில் வீடு. அரைக் காற்சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீர் அந்த வளைவில நில்லும். வாவியும் வரும், ஆக்களும் வருவினம். நல்லா இருக்கும்."

அந்த வளைவுக்குப் பின்னால் ஆமிக்காரர்களின் காவல் தடை இருந்தது. நகரத்தில் குண்டு வெடித்த பிறகு வாவியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் முள்ளுக்கம்பியும் மணல் மூட்டையும்தான். "சேர், அங்க படம் எடுத்தா சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார்.

விசில் ஊதியது. முந்நூறு நானூறு பேர் இருக்கும். எல்லாரும் ஒரே மஞ்சள் டீ சேர்ட்டில் வந்தார்கள். தொப்பை குலுங்க ஓடிய டொக்டர், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த ஒரு பள்ளிக்கூட அதிபர், மூச்சு வாங்கியதால் மதிலில் உட்கார்ந்துவிட்ட ஒரு வங்கி மனேஜர். எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் சிரித்துக்கொண்டு ஓடுவதை அந்த வருடங்களில் பார்ப்பது லேசான காரியமில்லை. மதிலுக்கு மேலே வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றாவது கட்டத்தில் என் கையிலிருந்த கமெராவை யாரோ பின்னாலிருந்து அழுத்தினார்கள்.

காவலுக்கு நின்ற சார்ஜன்ட். ஐம்பது வயது இருக்கும், தூக்கமில்லாத கண். அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். என் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் காவல் தடை இருக்கிறதே, அதைப் படம் எடுக்க யார் சொன்னது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் சங்கம், ஓட்டம், ஸ்டூடியோ எல்லாம் சொன்னேன். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஓடி வந்துகொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

"இவன் உங்கள் ஆளா?" என்று சார்ஜன்ட் அவரைக் கேட்டார்.

செயலாளர் நின்றார். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தார். சுத்தமான சிங்களத்தில், "ஸ்டூடியோவிலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னோம். யாரை அனுப்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆளை எனக்குத் தெரியாது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ஓடினார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் பெயர்கூட அவருக்குத் தெரியாதுதான்.

இருந்தும் விஷயம் அங்கே முடிந்திருக்கும். சார்ஜன்ட் கெட்டவர் இல்லை. "ரோலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போ. நாளைக்குப் பொலிஸுக்கு வந்து வாங்கிக்கொள்," என்றுதான் சொன்னார். நாளை என்றால் திங்கள். திங்கள் காலையில் வாங்கினாலும் பின்னேரம் படம் போட்டுவிடலாம். வாயை மூடிக்கொண்டு ரோலைச் சுற்றிக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ரோல் கையைவிட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில், "மாத்தையா, இதில ஆறு பேரோட ஐடென்டிட்டிப் படம் இருக்கு. எங்க தோட்டத்து ஆளுங்க," என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. ஓட்டத்தைப் படம் எடுக்க வந்தவனிடம் ஆறு பேருடைய அடையாள அட்டைப் படம் எதற்கு? அந்த ஆறு பேர் யார்? எங்கே இருக்கிறார்கள்? கள்ள அட்டை அடிக்கிற கூட்டமா? அந்த வருடங்களில் அப்படி யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கமெராவைப் பிடுங்கினார். நான் கத்துவதற்குள் முதுகு மூடியைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் பிலிமை அழிக்க நினைக்கவில்லை. அந்த ஆறு பேரையும் பார்க்க நினைத்தார். ரோலை முழம் முழமாக வெளியே இழுத்து, இரண்டு கையாலும் விரித்து, சூரியனுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். கழுவாத பிலிமில் எந்த முகம் தெரியும்? வெயில் பட்ட நிமிடமே பதிந்ததெல்லாம் அழிந்துவிட்டது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பொறுமையாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதில் ஒருத்தனும் இல்லையே. பொய்தானே சொன்னாய்?"

நான் அழுதேன். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, மஞ்சள் டீ சேர்ட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டு ஓடுகிற வீதியில் நின்று அழுதேன். முகத்தில் பூனை மீசை வரைந்திருந்த ஒரு பெண் எனக்குக் கை காட்டிவிட்டு ஓடினாள். படம் எடுக்கிறவன் என்று நினைத்திருப்பாள்.

ஞாயிறும் திங்களும் என்னைப் பொலிஸில் வைத்திருந்தார்கள். ஆறு பேருடைய பெயரையும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொன்னால் தோட்டத்துக்கு ஜீப் போகும், சொல்லாவிட்டால் நான் வெளியே போக முடியாது. சொல்லவில்லை. நான் பெரிய தைரியசாலி என்பதால் இல்லை. என் தம்பியின் பெயரை அந்த மேசையில் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. முதலாளி மூன்று தடவை வந்தார். திங்கள் பகல் மீன் வைத்த மாலுப்பணிஸ் ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒன்ட தம்பி தந்தது மகன். படம் வாங்க வந்து கடையில குந்திக்கிட்டு ஈக்குது. புதுசா ஒண்டு புடிச்சிக் குடுக்கவும் கடையில ஈக்கிற ஒரே கமெரா இவங்கட கையில. இங்க வரப் போறேன்னு நின்டது, நான்தான் வேணாம்னு சொன்ன. அட்டை இல்லாத புள்ளய இதுக்குள்ள எப்பிடி வரச் சொல்லிய?"

அந்தப் பணிஸை என்னால் தின்ன முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன்.

செவ்வாய் பத்து மணி போல, முதலாளி கடைப் பதிவுக் கடுதாசியைக் காட்டிக் கையெழுத்து வைத்த பிறகு விட்டார்கள். கமெராவையும் தந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் குளிக்கவில்லை, கடைக்கும் போகவில்லை. ஓடிப்போய்த் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. என் கையில் படம் இல்லை. போய் எடுத்தாலும் அன்றைக்குள் கழுவிப் போட வழியில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி வெள்ளைச் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தான். பிறப்புச் சான்றிதழ் ஒரு சொப்பிங் பேக்குக்குள் இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணே, அடிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"இல்லடா."

"அப்ப சரி."

மற்ற ஐந்து பேரில் அந்த ஒரு பெண், போட்டோ பிடிக்கத் தெரியாதவனை நம்பினோம் பார் என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த சேவை எப்போது என்று கந்தோர்க்காரரிடம் கேட்டேன். அறிவிப்போம் என்றார். அவர்கள் அறிவித்து வருவதற்கு ஒன்றரை வருடம் போனது.

இதற்கிடையில் சங்கத்துக்கும் ஒரு பெரிய கவலை வந்திருந்தது. ஓட்டம் நன்றாக நடந்துவிட்டது, ஆனால் படம் ஒன்றுகூட இல்லை. காசு கொடுத்த கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும், பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும். ஆகவே அடுத்த ஞாயிறு, கடைசி இருநூறு யார் தூரத்தை மட்டும் திரும்ப ஓடுவதென்று முடிவு செய்தார்கள். படத்துக்காக. முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்காகப் பொலிஸில் கையெழுத்து வைத்த மனிதர் அவர், போனேன்.

ஐம்பது பேர்தான் வந்தார்கள். டீ சேர்ட்டுகள் கழுவி இஸ்திரி போட்டிருந்தன. அந்தத் தூரத்துக்கு யாருக்கு வியர்க்கும்? வாளியில் தண்ணீர் வைத்து ஆளாளுக்கு முகத்தில் தெளித்துக்கொண்டார்கள். முதல் தடவை முந்தி வந்த பையன் வரவில்லை, அதனால் டொக்டர் ரிப்பனை அறுத்தார். கை தட்டினார்கள். நான் புது ரோல் போட்டிருந்தேன். எல்லாம் அழகாக விழுந்தது. அவர்கள் ஒரு வாரத்துக்கு முந்திய ஓட்டத்தைத் திரும்ப ஓடிக் காட்டிவிட்டார்கள். எங்கள் ஆறு பேருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்ப வைக்க யாரும் இல்லை.

முடிந்ததும் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தமிழில் மெதுவாகப் பேசினார்.

"தம்பி, குறை நினையாதையும். எனக்கும் பிள்ளையள் இருக்கினம். அந்த நேரம் நான் ஏதும் கதைச்சிருந்தா என்னையும் சேர்த்துத்தான் பார்த்திருப்பினம்."

அது உண்மை. அவருக்கும் பயம் இருந்தது. பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் அவருடைய அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்தான். அந்த நிமிடம் அவர் மனம் இளகியிருந்தது. அவரிடம் கந்தோர் முத்திரை இருந்தது. 'என் தம்பிக்கு ஒரு கடிதம் தாங்க சேர், இவனை எனக்குத் தெரியும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க' என்று கேட்டிருந்தால் தந்திருப்பாரோ என்னவோ. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னைத் தெரியாது என்று சொன்ன வாயிடம், முகம்கூடப் பார்க்காத என் தம்பியைத் தெரியும் என்று எழுதித் தரக் கேட்க எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பரவால்ல சேர். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க, வெயில் மூஞ்சில விழுது," என்று சொல்லி அவரையும் ஒரு படம் எடுத்தேன். பேச வேண்டாத இடத்தில் பேசினேன், பேச வேண்டிய இடத்தில் ரோஷப்பட்டேன். இதில் எது பெரிய பிழை என்று இன்னும் எனக்குள் தீரவில்லை.

தம்பி முதலாந் திகதி கொழும்புக்குப் போனான். கிராம சேவகரின் கடிதம் ஒன்று மட்டும் இருந்தது, படம் ஒட்டாதது. போகாதே என்றேன். "இந்த வேலய விட்டா பொறகு மலையிலதாண்ணே," என்றான். மூன்றாவது வாரம் அவன் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். அட்டை இருந்தவர்களை ஒரு பக்கம், இல்லாதவர்களை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். கடிதத்தைக் காட்டியிருக்கிறான். இது நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி, முகம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

பதினாலு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு வழக்கும் போடவில்லை. அம்மாவும் நானும் போகாத கந்தோர் இல்லை. அம்மா அந்தப் பதினாலு மாதத்தில் மலைக்கு வேலைக்குப் போன நாட்களைவிடக் கொழும்பு பஸ்ஸில் இருந்த நாட்கள்தான் அதிகம் என்று சொல்லலாம். அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இந்தப் பதினாலு மாதத்துக்கு நடுவில் ஒரு நாள், அந்தச் சில்லுக் கதிரைகளை ஒப்படைக்கிற விழாவைப் படம் எடுக்கச் சங்கத்து மண்டபத்துக்குப் போனேன். சுவரில் ஓட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். டொக்டர் ரிப்பனை அறுக்கிறார், பின்னால் எல்லாரும் ஈர முகத்தோடு சிரிக்கிறார்கள். கீழே முதல் ஓட்டத்தின் திகதியைப் போட்டிருந்தார்கள். அது பொய்த் திகதி என்று தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை, ஒருவர் என் கையைப் பிடித்து நல்ல படம் என்று பாராட்டினார்.

தம்பியை விட்டார்கள். எப்படிப் பிடித்தார்களோ அப்படியே, ஒரு காரணமும் சொல்லாமல். மெலிந்து வந்தான். அதிகம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவன் வந்து இரண்டு மாதத்தில் அந்த நடமாடும் சேவையைத் திரும்ப அறிவித்தார்கள்.

நான் பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் அதே வெள்ளை விரிப்பைக் கட்டினேன். கமெராவில் புது ரோல். இந்த ரோலை எத்தனை கட்டம் மிஞ்சினாலும் அன்றைக்கே கழுவப் போகிறேன் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வெள்ளைச் சட்டையும் இருந்தது. ஆறு பேரும் வந்தார்கள். இந்த முறை தம்பியை முதல் ஆளாக நிறுத்தினேன்.

நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நேராக நின்றான், இரண்டு காதும் தெரிந்தன, சிரிக்கவில்லை. அமுக்கினேன். கமெராவை நான் கீழே இறக்குவதற்குள் அவன் வலது பக்கம் திரும்பி நின்றான். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். பிறகு இடது பக்கம் திரும்பினான். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே உயர்ந்திருந்தன. விரல்கள் எண் எழுதிய ஒரு பலகையைப் பிடித்திருப்பது போல மடங்கியிருந்தன. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு போதும்டா," என்றேன்.

"நேரா மட்டும் போதுமாண்ணே?"

பழைய கூத்துதானோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் உண்மையாகவே கேட்டான். போதும் என்று தலையாட்டினேன். அவன் கையைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்காகச் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.